வலை கடலில் கிடந்தபோது

ஆன்சலா வவுனியாவில் பல்கலைக்கழகத்தில் படித்தாள். தகப்பன் ஞானப்பிரகாசம் முல்லைத்தீவுக் கரையில் ஒரு கரைவலைக்குச் சம்மாட்டி, வலையின் சொந்தக்காரர். கொரோனாவைப் பற்றி அவளிடம் எதைக் கேட்டாலும் சரியான பதில் வரும். கடற்கரைப் பக்கம் போனால், நாடியில் தொங்கும் முகக்கவசத்தை மேலே இழுக்கச் சொல்வாள். "டொக்டரம்மா வாறா, மூக்கை மூடுங்கோடா" என்று வலை இழுப்பவர்கள் பகிடி பண்ணுவார்கள். அவள் படித்தது கணக்கியல்.

பரீட்சை எழுதிவிட்டு விடுதியிலிருந்து வந்த சில நாளில், முற்றத்தில் காய்ந்த கருவாட்டின் மணம் அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றை எடுத்து மூக்கருகே பிடித்தும் பார்த்தாள். உடனே விளங்கிவிட்டது. வந்த நாளிலிருந்து தகப்பனோடு ஒன்றாக இருந்துதான் சாப்பிட்டாள். அவர் விடியவே வலைக்குப் போயிருந்தார்.

தாய் யூலிற்றாவிடம் சொன்னாள். மீன் நன்றாகப் படும் காலம். விஷயம் வெளியே போனால் வலைக்காரர் அத்தனை பேரின் வீடும் தனிமைப்படுத்தலில் பூட்டப்படும்.

"சளித் தடிமன் எண்டு சொல்லு. ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்" என்றார் தாய்.

ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் மதியம்வரை பேசாமல் படுத்துக் கிடந்தாள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

தகப்பனுக்குப் பக்கத்தில் கயிறு பிடிப்பவன் கொலின்ஸ். அவனுடைய தாய் மூச்சிழுக்கும் தொய்வு நோயோடு படுக்கையில் இருந்தார். அவரைக் குளிப்பாட்டப் போய்வந்தது அயல்வீட்டுக்காரியான நான். "அந்தக் கிழவியை நினைச்சுத்தான் எழும்பினன்" என்று ஆன்சலா பிறகு என்னிடம் சொன்னாள்.

கடற்கரையில் தூர நின்று கூப்பிட்டாள். முதல் தரம் காற்று கொண்டுபோய்விட்டது. இரண்டாம் தரம் எல்லோருக்கும் கேட்டது.

"அப்பா, எனக்குக் கொரோனா போல கிடக்கு. கயித்தை விட்டிட்டுத் தள்ளி நில்லுங்கோ."

வலை கடலில் கிடந்தது. எல்லோரும் கயிற்றை விட்டால் மீனும் போகும், வலையும் போகும். ஞானப்பிரகாசம் மட்டும் விட்டுவிட்டுத் தனியே போய் மணலில் இருந்தார். மற்றவர்கள் கயிறு நெடுக விலகி நின்று இழுத்து முடித்தார்கள். பகிடி ஒன்றும் வரவில்லை.

பரிசோதனையில் தகப்பனுக்கும் மகளுக்கும் தொற்று உறுதியானது. வீடுகள் பூட்டப்பட்டன. கொலின்ஸ் அன்றே வீட்டுக்குப் போகாமல் கரையிலுள்ள மீன்வாடிக் குடிசையில் தங்கிவிட்டான். பிறகு அவனுக்கும் காய்ச்சல் வந்தது. அவனுடைய தாய்க்கு வரவில்லை.

எல்லாம் திறந்தபோது மீன் படும் காலம் முடிந்திருந்தது. கொலின்ஸ் வேலியடியில் வந்து நின்றான்.

"நீ சொல்லாட்டி அம்மாவுக்கு நான் கொண்டுபோய்க் குடுத்திருப்பன்" என்றான். "ஆனா இந்த முறை எங்கட உழைப்புப் போனதும் உன்னாலதான்."

"ஓம் அண்ணை" என்றாள் ஆன்சலா.

அவன் படலையைத் திறந்து, வலையைப் பற்றிக் கதைக்க அவளுடைய தகப்பனிடம் போனான்.