கிரீஸ் பூசிய மெமரி

போன கிழமை வரைக்கும் என் அலுமாரியின் மேல்தட்டில், ஞானஸ்நான உடுப்புகளுக்குப் பக்கத்தில், வெள்ளை லேஞ்சித் துணியில் சுற்றிய ஒரு மெமரித் துண்டு கிடந்தது. கணினிக்குள் செருகுகிற சாமான். ஒரு சாண்கூட நீளமில்லாத பச்சைத் தகடு, ஓரத்தில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள். அந்தப் பற்களின் மேல், படகு எஞ்சினுக்குப் பூசுகிற கிரீஸ். வாங்கிய நாளிலிருந்து ஒருதரமும் ஓடாத சாமான் அது. இடைக்கிடை லேஞ்சியைப் பிரித்து முகர்ந்து பார்ப்பேன். பேசாலைக் கரையில் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு அண்ணன் எனக்கு முதுகு காட்டி நிற்பது போலிருக்கும். கூப்பிட்டால் திரும்புவான் என்றுகூடத் தோன்றும். பிறகு சுற்றி வைத்துவிட்டுக் கந்தோருக்கு வேலைக்குப் போய்விடுவேன்.

அந்தத் துண்டு என்னுடையதில்லை, மச்சாளுடையது. அண்ணனின் மனைவி; அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். இந்தியாவில் அகதி முகாமில் பிறந்து, அங்கேயே கணினி படித்து, கலியாண வயதில் தாய்தகப்பனோடு ஊர் திரும்பியவள். பேச்செல்லாம் எங்களைப் போலத்தான். அழுகை வந்தால் மட்டும் முகாமில் பழகிய தமிழ் வந்துவிடும். அண்ணன் ஒரு காலையில் எஞ்சினைப் பூட்டிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் குந்தினான், பிறகு எழும்பவில்லை. அவனது எஞ்சின் கழற்றும் சாவிப் பையையும் கிரீஸ் தகரப் பேணியையும் கூட்டாளிகள் வீட்டில் கொண்டுவந்து தந்தார்கள். பேணியைத் திறந்தபோது, அன்று காலை அவன் கிரீஸ் வழித்த விரலின் தடம் அப்படியே பள்ளமாக இருந்தது. மச்சாள் அதை மூடி சுவாமிப் படத்தட்டில் வைத்தாள். ஒருவரும் தொடவில்லை.

அதற்குப் பிறகு வந்த கச்சான் காற்றடிக்கிற காலத்தில்தான் அவள் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போவதாக முடிவெடுத்தாள். பாஸ்போட் முகவரிடம் போய்விட்டது. பிள்ளை என்னிடம் இருக்கும் என்பது பேச்சு. பிள்ளையைப் பார்ப்பது எனக்குப் பாரமில்லை. தகப்பனில்லாத பிள்ளைக்குத் தாயும் தொலைபேசிக்குள் போய்விடுமே என்பதுதான் என் கவலை. அந்த நேரத்தில் மன்னார் ரவுணில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர், கோயில் திருவிழா வீடியோவை வீட்டிலிருந்தே வெட்டி ஒட்டித் தந்தால் தொடர்ந்து வேலை தருவதாகச் சொன்னார். அதற்கு ஒரு நல்ல கணினி வேண்டும். சாமான்களைத் தனித்தனியாக வாங்கி நாங்களே பூட்டுவது என்று தீர்மானித்தோம். எனக்கு அதில் ஆனா ஆவன்னா தெரியாது. மச்சாளுக்கும் பூட்டிப் பழக்கமில்லை; கைத்தொலைபேசியில் ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

மெமரி வாங்கத்தான் அதிக நேரம் பிடித்தது. கடைக்காரப் பொடியன் கலர் கலராக மின்னுகிற சோடியைக் காட்டினான். "திருவிழாவுக்கோ தம்பி சோடிக்கிறம்? மின்னாததைக் காட்டுங்கோ," என்றாள் மச்சாள். பதினாறு ஜிபியில் ஒன்றா, எட்டு ஜிபியில் இரண்டா என்ற பேச்சு வந்தது. நான் முழிப்பதைப் பார்த்து, "மச்சாள், இது மீன் காயப்போடுற பாய் மாதிரி. பாய் சின்னனெண்டால் கொஞ்சம் கொஞ்சமாத்தான் பரப்பலாம். ரெண்டு பாயைப் பக்கத்திலை பக்கத்திலை விரிச்சால் ரெண்டுபேர் நிண்டு பரப்பலாம், வேலை கெதியா முடியும்," என்று விளங்கப்படுத்தினாள். எட்டில் இரண்டு வாங்கினோம். பேருந்தில் வரும்போது அந்தச் சிறிய பெட்டியைக் குஞ்சு பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கடற்பாலத்தில் காற்று யன்னலால் உப்பும் மணலுமாக அடித்தது. அவள் சேலைத் தலைப்பால் பெட்டியை மூடினாள்.

ஞாயிறு பின்னேரம் நான் பூசை முடிந்து வந்தபோது மேசையில் வெள்ளை விரிப்புப் போட்டு எல்லாம் தயாராக இருந்தது. மெமரித் துண்டுகளின் பற்கள் வழுவழுவென்று மினுங்கின. புதுச் சாமானென்றால் அப்படித்தான் இருக்குமாக்கும் என்று நினைத்தேன். முதலாவது துண்டு இறங்கவில்லை. "திருப்பிப் பிடியுங்கோ, வெட்டு இந்தப் பக்கம்," என்றாள். இரண்டு தலைப்பிலும் பெருவிரலால் அழுத்த, டக் டக்கென்று கொளுவிகள் பூட்டின. இரண்டாவதும் இறங்கியது. மச்சாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானை அமத்தினாள். காற்றாடி சுற்றியது, திரையில் ஒன்றுமில்லை. பீப் பீப் பீப் என்று அது விடாமல் கத்தியது.

துண்டுகளைக் கழற்றியபோது என் விரல் பிசுபிசுத்தது. முகர்ந்தேன். "இதென்ன மச்சாள்?"

"கச்சானெல்லே. உப்புக் காத்து. துருப்பிடிச்சிடுமெண்டு பூசினனான். அவர் இருந்தால் பூசித்தானே உள்ளுக்கு வைப்பார்."

உண்மைதான். எங்கள் வீட்டில் இரும்பென்று எது வந்தாலும் முதலில் கிரீஸ் பூசித்தான் உள்ளே எடுப்போம். சைக்கிள், கேற்றுப் பிணைச்சல், அம்மாவின் தையல் மெசின், எல்லாவற்றுக்கும் பூசியவன் அண்ணன். கடற்கரை வீட்டில் இது வெட்கப்படுகிற பிழையே இல்லை. ஆனால் வீட்டிலிருந்தது ஒரேயொரு பேணி. நான் சுவாமிப் படத்தட்டைப் பார்த்தேன். மூடி திறந்து கிடந்தது. அந்தத் தடத்தின் மேலேயே அவள் விரல் போயிருந்தது.

அப்போதுதான் அவளுக்கும் அது உறைத்தது. "ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்! அதையும் அழிச்சிட்டேனே!" என்று தரையில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதாள். செத்தவீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. கணினியை இருவரும் மறந்துபோனோம். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வெளியே கழுதைகள் வேலியோரம் போய்க்கொண்டிருந்தன. பின்னேர வெயில் அந்தக் கிரீஸ் பேணியில் விழுந்து, அது ஏதோ கோயில் சாமான் போல மினுங்கியது.

விடிந்ததும் பிள்ளையின் பென்சில் அழிறப்பரை எடுத்து ஒரு துண்டின் பற்களை மெல்லத் தேய்த்தாள். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தாள். கிரீஸ் படாத வேறு பிளவில் அதைச் செருகினாள். இந்தமுறை ஒரேயொரு பீப் கேட்டது, திரை வெளிச்சமானது. மற்றத் துண்டை எடுத்து நான் நீட்ட, அவள் தலையாட்டினாள். "இது கிடக்கட்டும் மச்சாள். இவ்வளவு எனக்குக் காணும்." நான்தான் லேஞ்சியில் சுற்றி வைத்தேன். திருவிழா வீடியோ அந்த ஒற்றை மெமரியில் திக்கித் திக்கி ஓடித்தான் முடிந்தது; ஆனாலும் முடிந்தது. பாஸ்போட்டைத் திருப்பி வாங்க இருவருமாகப் போனோம்.

இப்போது அவளிடம் மூன்று கமராவில் எடுத்த கலியாணங்கள் வருகின்றன. கணினி இழுத்துப் பறித்துக்கொண்டு நிற்கும். புது மெமரி வாங்குவோம் என்று நான் சொல்லும்போதெல்லாம் பார்ப்பம் என்பாள். போன கிழமை பிள்ளையின் முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வீடியோவை வெட்டத் தொடங்கி, பிள்ளை நன்மை வாங்க வாய் திறக்கிற இடத்தில் படம் உறைந்து நின்றுவிட்டது. மச்சாள் நெடுநேரம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மச்சாள், அதை எடுத்துத் தாங்கோ."

அலுமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். லேஞ்சியைப் பிரித்து ஒருதரம் முகர்ந்தாள். "அவரும் பாக்கத்தானே வேணும்," என்று சொல்லிவிட்டு அழிறப்பரால் தேய்க்கத் தொடங்கினாள். மேசையில் கறுப்புக் கறுப்பாகத் துகள் உதிர்ந்தது. அதில் ஒன்றையும் ஊதவில்லை. உள்ளங்கையில் கூட்டியெடுத்து, காய்ந்துபோன அந்தப் பேணிக்குள் போட்டு மூடினாள். துண்டை இறக்கி இரண்டு தலைப்பிலும் அழுத்தினாள். பொத்தானை அமத்துவதற்கு முதல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரேயொரு பீப். அவ்வளவுதான்.