எதிர்ப்புக்காகக் காத்திருந்த வீடு

ரப்பர் மரத்தில் பால் வடியும் சிரட்டையின் அடியில் காய்ந்து ஒட்டிக் கிடப்பதை உரித்தெடுத்து, சாக்கில் கட்டி, அந்தச் சாக்கை ஒரு மழை நனையவிட்டால் ஒரு நாற்றம் எழும்பும். எங்கள் பக்கத்தில் அதற்கு ‘ஒட்டுபால்’ என்று பெயர். செத்த எலியையும் புளித்த மோரையும் ஈரச் செருப்பையும் ஒரே டப்பாவில் அடைத்து வைத்துத் திறந்தது போலிருக்கும். சுவிசேஷ ஊழியம் என்றதும் மற்றவர்களுக்குக் கோயில் மணியோ ஆர்மோனியமோ நினைவுக்கு வரலாம். எனக்கு மூக்குக்குள் ஒட்டுபால்தான் வரும். ஏனென்றால் அப்பா வேலையை விட்டுவிட்டு எங்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த முதல் ‘பணித்தளம்’, அம்பூரிக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துச் சரிவில், அதுவரை ஒட்டுபால் மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்த ஓட்டு வீடு.

அப்பா அதற்கு முன்பு ‘ஆனவண்டி’யில், அதாவது யானை முத்திரை போட்ட கேரள அரசு பஸ்ஸில் கண்டக்டர். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே அவர் விசில் சத்தத்தைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார்களாம். ஊழியத்துக்கு ஆள் கேட்ட ஒரு கூடாரக் கூட்டத்தில் அழுதுகொண்டே கையைத் தூக்கிவிட்டு வந்தவர், அடுத்த மாதம் காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “பென்ஷன் உள்ள உத்தியோகத்த எறிஞ்சிட்டு காட்டுக்குப் போறான், கிறுக்கன்” என்று அம்மாவின் அண்ணன் எங்கள் பெட்டிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டே ஏசினார். ஏற்றவும் செய்தார், ஏசவும் செய்தார். பிரசங்கம் பண்ணும்போது கூட அப்பாவுக்குப் பழைய தொழில் போகவில்லை. “இன்னும் எடமுண்டு, உள்ள ஏறி வாங்க” என்று பரலோகத்துக்கு ஆள் கூப்பிடுகையில் வலது கை விரல்கள் தன்னால் டிக்கெட் கிழிக்கும்.

அம்மா பழைய மிஷன் சபைக் குடும்பம். பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காமல் ஆமென் சொல்லும் வகை. அப்பாவின் புதிய கூட்டத்திலோ, ஆவி இறங்கி யாருக்கும் புரியாத ‘அந்நிய பாஷை’ பேசாதவளை அரைக் கிறிஸ்தவளாகத்தான் எண்ணினார்கள். மிஷனரியின் மனைவிக்கு ‘அபிஷேகம்’ இல்லையே என்ற குறை அப்பாவுக்குள் கிடந்தது. அம்மாவை நிறுத்தி வைத்து அவர் ஜெபிப்பார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு அடுப்பில் வைத்த சோற்றை நினைத்துக்கொண்டிருப்பாள்.

நானும் என் தங்கை கிரேசியும் கூட அந்தப் பணித்தளத்தின் ஊழியர்கள்தான். எங்கள் வேலை, ஆள் இல்லாத கூட்டத்தில் ஆளாக உட்கார்ந்திருப்பது. எனக்குப் பெயர் எசேக்கியேல். தீர்க்கதரிசியின் பெயரை வைத்தால் பையன் அப்படியே வருவான் என்று நம்பினார்கள். வந்ததென்னவோ ஏழாம் வகுப்போடு நின்று, தமிழ்ப் பள்ளியிலும் மலையாளப் பள்ளியிலும் வஞ்சனையில்லாமல் தோற்று, இன்று பாறசாலையில் மைக் செட் வாடகைக்கு விடும் ஆள்.

எங்களை அனுப்பிவைத்த நாளில், அப்பா சேர்ந்திருந்த மிஷனரிச் சங்கத்துப் பெரியவர் அவர் தலையில் கைவைத்து, “எதிர்ப்பு வந்தா பயப்படாதே. எதிர்ப்பு வரல்லேன்னாதான் பயப்படணும், நீ செய்யுற ஊழியம் பிசாசுக்குத் தொந்தரவா இல்லேன்னாக்கும் அர்த்தம்” என்றார். அந்த ஒரு வார்த்தையைத்தான் அப்பா சோற்று மூட்டை போலத் தூக்கிக்கொண்டு மலையேறினார். போனதிலிருந்து எதிர்ப்புக்காகக் காத்திருந்தார். கல் விழும் என்று ஓட்டைப் பார்த்தார். தெருவில் யாராவது மறிப்பார்கள் என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். யாரும் மறிக்கவில்லை. சுவிசேஷக் கைப்பிரதியைக் கொடுத்தால் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “சாயா குடிக்கிதீரா உபதேசியாரே?” என்று கேட்டார்கள். அப்பா மனமுடைந்துபோனார்.

எங்களுக்குக் கீழே, அதே சரிவில், ஒரே ஒரு வீடு இருந்தது. அதில் சரோஜினி அக்கா தனியாக இருந்தாள். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறவள். சாயங்காலம் தன் முற்றத்தில் குத்துவிளக்கு ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, மரச்சீனிக் கிழங்கும் கருவாட்டுச் சம்மந்தித் துவையலும் எடுத்துக்கொண்டு மேலே வருவாள். எசேக்கியேல் அவள் வாயில் நுழையவில்லை, “எலே எசக்கி” என்றுதான் கூப்பிட்டாள். ஊர்க் கோவிலில் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கும் இசக்கியம்மனின் பெயரால் தன் மகன் அழைக்கப்படுவதைக் கேட்டு அப்பா ஒவ்வொரு தடவையும் மரச்சீனி தொண்டையில் சிக்கியவர் போல இருமுவார். நான் உடனே ஓடுவேன். கருவாடு இருக்கும் திசையிலிருந்து எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் ஓடுகிறவன் நான்.

அந்த வருடம் ஐப்பசி மழை, மத்தியானத்துக்குப் பிறகு இடித்துப் பெய்து ஓயும் தன் வழக்கத்தை விட்டுவிட்டு, இடி இல்லாமல், சத்தமில்லாமல், நிற்காமல் பெய்தது. முதலில் அடுக்களைக் கதவு மூடவில்லை. ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று அப்பா இழைப்புளி கடன் வாங்கிச் சீவினார். இரண்டொரு நாளில் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவே என் கை போகும்படி இடைவெளி விழுந்தது. பிறகு என் கோலிக்குண்டு. திண்ணமாக ஓரிடத்தில் நிற்கும் குண்டு, தரையில் வைத்ததும் தானாக உருண்டு அடுக்களைப் பக்கம் போனது. எத்தனை தடவை வைத்தாலும் போனது. நான் கையை நீட்டி “போ” என்றேன், போனது. அற்புத வரம் கிடைத்துவிட்டது என்று கிரேசியிடம் சொல்லி, அவள் பங்கு வெல்லத்தைக் காணிக்கையாக வாங்கித் தின்றேன். மலை நகர்வதை முதன்முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். கண்டுபிடித்துவிட்டு வெல்லம் தின்ற ஒரே விஞ்ஞானியும் நான்தான்.

தவளைகள் நின்றன. ராவெல்லாம் கத்திக்கொண்டிருந்தவை ஏன் நின்றன என்று யாரும் கேட்கவில்லை. மழை பெய்யும் சத்தத்துக்குக் கீழே, தரைக்கும் அடியில், யாரோ பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம் வந்து வந்து போனது. அன்றைக்குக் காலையில் அம்மா கிணற்றில் இறைத்த வாளியில் தண்ணீர் செங்கல் கரைத்தது போல இருந்தது. அம்மா அதை அப்படியே வாசலில் வைத்தாள். சரோஜினி அக்கா ஏறி வந்ததும் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். அப்புறம் வீட்டுக்குள் வராமல் முற்றத்தில் நின்றே பேசினாள்.

“உபதேசியாரே, எறங்கிப் போங்க. கெணத்து வெள்ளம் இப்பிடி கலங்கினா மல எளகுதுன்னாக்கும். எங்க அப்பன் காலத்துல இதுமாதிரி கலங்கித்தான் அங்க மேல ஒரு வீடு போச்சு.”

“நீங்க போங்க சகோதரி. எங்கள அனுப்பினவரு சொல்லாம நாங்க எறங்கக் கூடாது.”

“அனுப்பினவரா இந்தச் சரிவுல குடியிருக்காரு? நானாக்கும் குடியிருக்கேன். உமக்க வீடு போனா அடுத்தது எனக்க வீடாக்கும். நான் பாத்திரத்தக் கொண்டு கீழ பள்ளிக்கூடத்துல வச்சிட்டு எனக்க ஆட்ட அவுக்கத் திரும்பி வாறேன். அதுக்குள்ள எறங்குங்க. இல்ல, இந்தப் பிள்ளையளயாவது தாரும், கொண்டு போறேன்.”

அப்பா தலையாட்டி அனுப்பிவிட்டார். அவள் போனதும் எங்கள் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. வேலையை விட்ட நாளிலிருந்து பார்க்காத சந்தோஷம் அதில் இருந்தது.

“வந்துட்டு” என்றார். “எதிர்ப்பு வந்துட்டு. இந்த எடத்த விட்டுப் போன்னு சொல்லியாச்சு. பிள்ளையளத் தான்னு கேட்டும் ஆச்சு.”

“கேட்டியளா, அவ நம்ம நல்லதுக்கு...” என்று அம்மா தொடங்கினாள். “ஒரு ராத்திரிக்கு மட்டும் பள்ளிக்கூடத்துல போய்க் கெடந்துட்டு வருவோமே.”

“நீ லோத்துக்க பெஞ்சாதி மாதிரிப் பேசாத.”

வேதத்தில் லோத்துவுக்கு, அழியப்போகும் ஊரைவிட்டு ஓடச் சொல்லித்தான் கர்த்தரிடமிருந்து உத்தரவு வந்தது, திரும்பிப் பார்த்ததுதான் பெஞ்சாதியின் குற்றம் என்பது அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அப்பா பாயை விரித்தார். உபவாச ஜெபம் என்று அறிவித்தார். “கர்த்தர் வாய் தொறந்து சொன்னா அந்த நிமிஷமே எறங்குவேன். மனுஷன் சொல்லி எறங்க மாட்டேன்.”

அம்மா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அவரு சொன்னா எறங்குவீங்களா?”

“அந்த நிமிஷமே.”

அம்மா உள்ளே போனாள். கிரேசியின் உடுப்பையும் அரிசியையும் ஒரு சேலையில் போட்டு முடிவதை, பசியில் அடுக்களைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த நான் பார்த்தேன். பிறகு வந்து முழங்காலில் நின்றாள்.

அப்பா ஜெபித்தார். மழை அவரைவிட நன்றாக ஜெபித்தது. தரைக்கு அடியிலிருந்து பல்லைக் கடிக்கும் சத்தம் இப்போது விடாமல் வந்தது. பின்சுவரில் இருந்த பல்லி, என்னைவிடப் புத்திசாலி, ஜன்னல் வழியாக வெளியே போனது. கிரேசி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் இங்கே சாகப்போகிறோம், அப்பாவுக்கு அதில் சம்மதம் என்று எனக்கு அப்போது தெளிவாகப் புரிந்தது.

திடீரென்று அம்மா எழுந்து நின்றாள். அவள் வாயிலிருந்து அதுவரை நாங்கள் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. ஒரு வார்த்தையும் புரியாத பாஷை. மழை ஓட்டில் அடிப்பது போல அடித்துக்கொண்டு வந்தது. அப்பா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுக் குப்புற விழுந்தார். பிறகு அம்மா, எங்கள் வீட்டுப் பேச்சில் அல்ல, வேதாகமத்தின் தமிழில் பேசினாள்: “என் தாசனே, எழும்பு. உன் பிள்ளைகளைத் தூக்கிக்கொள். இப்பொழுதே இறங்கு. கீழ்வீட்டு ஆட்டையும் அவிழ்த்துக்கொண்டு போ.”

அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கிரேசியைத் தோளில் போட்டார், என்னைக் காலில் செருப்பில்லாமல் இழுத்தார். அம்மா சேலை மூட்டையோடு வந்து, வழியில் அக்காவின் தொழுவத்தில் நின்ற சினை ஆட்டை அவிழ்த்தாள். பாதைக்குக் குறுக்கே ஓடை பெருகியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், திரும்பி ஏற முடியாமல், சரோஜினி அக்கா ஒரு ரப்பர் மரத்தைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டு நின்றாள். கையை நீட்டி ஒவ்வொருவராக இழுத்து ஏற்றினாள். ஆட்டைக் கடைசியாக.

பள்ளிக்கூடத் திண்டில் ஏறும் முன்பே கேட்டது. நான் பல வருடங்களாக ஸ்பீக்கர் வைத்துப் பிழைக்கிறேன். அந்தச் சத்தத்தை எந்த ஸ்பீக்கராலும் தரமுடியாது. மேலே மரங்கள் நின்ற வாக்கிலேயே நடந்து வந்தன. மலை எங்கள் வீட்டை முதலில் மடக்கி, அதை உருட்டிக்கொண்டுபோய் அக்காவின் வீட்டின் மேல் வைத்தது. அப்புறம் இரண்டும் இல்லை.

நெடுநேரம் கழித்து அக்கா கேட்டாள். “நான் சொன்னப்போ கேக்காத ஆளு, இப்ப ஆரு சொல்லி வந்தீரு?”

“கர்த்தர் சொன்னாரு.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஆட்டின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “அது செரி” என்றாள் அக்கா. “கொள்ளாம், நல்ல காரியம்.” அதோடு வெள்ளறடையில் மகள் வீட்டுக்குப் போனவளை நாங்கள் மறுபடி பார்க்கவில்லை.

கர்த்தர் பேசித் தப்பிய அந்தக் கதை, சபைப் பேச்சில் ‘சாட்சி’, அப்பாவைப் பெரிய ஊழியக்காரர் ஆக்கியது. கன்வென்ஷன் தோறும் சொன்னார். தொடக்கத்தில் அக்கா அதில் எச்சரிக்க வந்த அயல்வீட்டுக்காரி. போகப் போக, எங்களை விரட்ட வந்தவள். அப்பா பொய் சொல்கிறவர் அல்ல; எதிர்ப்பு இல்லாத ஊழியத்தை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அம்மாவின் பாடு வேறு. கிரேசிக்குக் காய்ச்சல் வந்தாலும், வேறு ஊருக்கு மாற்றம் வந்தாலும், அப்பா பாயை விரித்துவிட்டு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். “வரல்ல” என்பாள் அவள். ஒருபோதும் பிறகு வரவில்லை. என்ன பாவத்தால் அந்த வரம் நின்றுபோனது என்று அவர் அவளைக் கேட்டுக்கொண்டே கிழவரானார். அவள் பதில் சொல்லாமலே கிழவியானாள்.

இப்போது அப்பா இல்லை. அந்தச் சரிவில் மறுபடி ரப்பர் வைத்து, அதுவும் வெட்டுக்கு வந்துவிட்டது. வீடு இருந்த இடத்தைக் கேட்டால் காட்ட ஆள் கிடையாது.

போன மாதம் குளத்தூரில் ஒரு சாயங்காலக் கூட்டத்துக்கு நான்தான் மைக் செட். அம்மாவையும் ஆட்டோவில் ஏற்றிப் போயிருந்தேன். எங்களைத் தெரியாத ஓர் இளம் பிரசங்கி, எங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அவருடைய கதையில் கீழ்வீட்டுக்காரி ஒரு மந்திரவாதி. ஊழியக்காரர் வீட்டுக் கிணற்றில் எதையோ போட்டுத் தண்ணீரைக் கலக்கியவள் அவள்தான். ஜனங்கள் ஸ்தோத்திரம் என்றார்கள்.

அம்மா முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து, மேடைக்குப் போகாமல், என் மேசைக்கு வந்தாள். “இந்த மைக்க அணை மக்கா.”

நான் அணைத்தேன். பிரசங்கியின் வாய் மட்டும் அசைந்தது. கமிட்டிக்காரர் ஓடிவந்து, “எலே, என்னடே ஆச்சு?” என்றார். ஒயரில் கோளாறு என்று சொல்லி மேசைக்கு அடியில் குனிந்தேன். என் மைக் செட்டில் கோளாறு என்றால் ஊரில் யாரும் சந்தேகப்படுவதில்லை; அந்தப் பெயரை நான் உழைத்துச் சம்பாதித்திருக்கிறேன்.

அம்மாவும் என் அருகே குனிந்தாள். இத்தனை வருடமும் கேட்காததை அங்கே கேட்டேன். “அன்னைக்குப் பேசினது ஆரும்மா?”

“தொடங்கினது நானாக்கும்” என்றாள். “அந்த மனுஷனுக்குக் கேக்குற பாஷை அது ஒண்ணுதான் இருந்துது. பாதிக்கு மேல எனக்க நாக்கு எனக்க கைவசம் இல்ல மக்கா. அதத்தான் அவருகிட்டச் சொல்லத் தெரியல்ல. பாதிதான் நான்னு சொன்னா மீதியையும் நம்பமாட்டாரே.”

கமிட்டிக்காரர் என் தலைக்கு மேல் நின்று முறைத்தார். நான் எழுந்து பொத்தானைப் போட்டேன். பிரசங்கி தொண்டையைச் செருமினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் எங்க விட்டேன்?”

பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படிகூட ஆமென் சொல்லாத என் அம்மா, மைக் இல்லாமல், பந்தல் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்:

“சரோஜினி எங்களக் காப்பாத்த வந்த எடத்துல.”