ஏழாம் அறைக்கு எழுதிய புதன்கிழமைகள்

அட்டைப்பெட்டி செய்யும் அந்தக் கம்பெனியில் ரீலண்ணன் என்றால் வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்தால் அப்படி ரீல் விடுவார் மனுஷன். பெட்டிகளை லாரியில் ஏற்றி அனுப்பும் பிரிவில் குமாஸ்தா. லாரி வந்து நிற்பதற்கு நாலு நாள் முன்பே சீட்டு எழுதி அடுக்கிவிடுவார். எதையும் முன்கூட்டியே எழுதிவைப்பது அவருக்குக் கூடப்பிறந்த வியாதி.

கம்பெனி ஒரு திட்டம் கொண்டுவந்தது. புதன்கிழமை மதியம் இரண்டிலிருந்து நாலு வரை ஊழியர்கள் எங்காவது போய்ச் சேவை செய்யலாம். அதற்கொரு படிவம்: தேதி, இடம், நேரம், 'இன்று நடந்தது' என்று சில வரிகள். ரீலண்ணன் முதியோர் இல்லம் என்று பெயர் கொடுத்தார். கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கினார்.

"சேவை முடிஞ்சுதா? உங்க குறட்டை தெருக்கோடி வரைக்கும் சேவை பண்ணுச்சு" என்பாள் மனைவி.

மாதம் பிறந்ததுமே நாலு புதனுக்கும் சேர்த்து எழுதி, நலப்பிரிவுப் பெட்டியில் போட்டுவிடுவார். அந்த இல்லத்தை அவர் வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை. ஏழாம் அறையில் கண் தெரியாத ஒரு டைப்பிஸ்ட் அம்மாவை அவரே உண்டாக்கினார். 'பேப்பர் படித்தேன். கிரிக்கெட் செய்தியை அம்மா தாண்டவிடவில்லை.' 'நகம் வெட்டிவிட்டேன். இடது சுண்டுவிரல் கோணல். மெஷின் மூடி விழுந்ததாம்.' கூச்சநாச்சமே இல்லாமல் அள்ளிவிட்டார். ஒரு வருஷம் ஓடியது. அலுத்துப்போய், ஒரு மாதத்தின் கடைசிப் புதனுக்கு இப்படி எழுதிப்போட்டார்: 'அம்மா போய்விட்டார். கடைசிவரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.'

அதற்கு முந்தைய புதனன்று நலப்பிரிவு மேடம் வந்து நின்றார். "அண்ணே, போன மாசம் வரைக்கும் நீங்க எழுதினதைப் படிச்சு அழுதுட்டேன். இன்னிக்கு நானும் வரேன். உங்களையும் அந்த அம்மாவையும் ஒரு போட்டோ எடுக்கணும்."

பொய்ப் படிவம் கொடுத்தால் வேலை போய்விடும் என்று அந்தப் பெட்டி மேலேயே ஒட்டியிருந்தார்கள். வழி கேட்டுக் கேட்டுப் போனால் குட்டு உடையும் என்பதால், மேடத்தை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போனார். இல்லத்தின் பணிப்பெண் தலையசைத்து, "வாங்க சார்" என்றாள், நெடுநாள் பழகியவள் போல.

ஏழாம் அறைக் கதவு திறந்தேயிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா முகத்தைத் திருப்பினார்.

"என்ன தம்பி, இன்னிக்கு ரெண்டு செருப்புச் சத்தம் கேக்குது? போன வாரம் அந்த மேட்சைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டியே, யாரு ஜெயிச்சா?"

நீட்டிய கையில் சுண்டுவிரல் கோணலாக இருந்தது. ரீலண்ணன் படிவத்தில் எழுதிய அதே விரல். மேடம் போட்டோ எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

"அம்மா, வாராவாரம் உங்ககிட்ட வர்றது யாரு?"

"நீதான். உன் குரல் எனக்குத் தெரியாதா?" அந்த அம்மா அவர் விரல்களைத் தடவிப் பார்த்தார். "அடுத்த வாரம் கடைசிவரைக்கும் கையைப் பிடிச்சுக்கறேன்னு சொல்லியிருக்கே. மறந்துடாதப்பா. எனக்குப் பயமா இருக்கு."

அடேயப்பா, மனுஷன் என்ன ஓட்டம் ஓடினார்! கம்பெனிக்கு வந்து, பெட்டியைக் கவிழ்த்து, அந்தப் படிவத்தைத் தேடியெடுத்துச் சுக்குநூறாகக் கிழித்தார். புதிதாக எழுதினார்: 'அம்மா நன்றாக இருக்கிறார்.'

அடுத்த புதன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். அம்மா நன்றாகத்தான் இருந்தார்.

அன்றிலிருந்து பதினொரு வருஷம் ஒரு புதன் தவறவில்லை. ரிட்டயர் ஆனார். திட்டத்தையே கம்பெனி மூடிவிட்டது. ஆனாலும் மிச்சமிருந்த படிவக்கட்டை வாங்கி வந்து மாதாமாதம் எழுதினார்: 'அம்மா நன்றாக இருக்கிறார்.' எழுதாமல் விட அவருக்குத் துணிச்சல் இல்லை. அந்த அம்மாவோ எழுந்திருக்க முடியாமல், விழுங்க முடியாமல், எலும்பும் தோலுமாகக் கிடந்தார். இன்னும் மூச்சு எப்படி ஓடுகிறது என்று டாக்டர் கையைப் பிசைந்தார். ரீலண்ணனுக்குத் தெரியும். யாரிடம் சொல்வார்?

ஒரு மாதக் கடைசியில் அந்த அம்மாவே சொன்னார்.

"போதும்ப்பா. எத்தனை நாளுக்கு என்னை எழுதி எழுதியே பிடிச்சு வைப்பே? உடம்பெல்லாம் நோவுது."

"என்னால முடியாதும்மா" என்று விம்மினார் ரீலண்ணன். "நீங்க போயிட்டா புதன்கிழமைக்கு நான் எங்கே போவேன்?"

"வீட்டுக்குப் போய்த் தூங்கு. முன்னாடியெல்லாம் அதானே பண்ணே?"

ரீலண்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது. எல்லாம் தெரிந்துதான் இத்தனை வருஷமும் அந்த அம்மா அவரை 'தம்பி' என்று கூப்பிட்டிருக்கிறார்.

அடுத்த மாதம் பிறந்தபோது அவர் எழுதவில்லை. முதல் புதன், வெற்றுப் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். கிரிக்கெட் செய்தி படித்தார். பிறகு பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கோணல் விரலைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டார். விடவேயில்லை.

வெகுநேரம் கழித்து, பணிப்பெண்ணிடம் பேனா கேட்டு வாங்கினார். 'அம்மா போய்விட்டார். கடைசிவரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.' அன்று எழுதிய அதே வரிதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல்முறையாகச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைப் போட்டார். மூன்று ஐம்பது.