மெழுகு உருளைக்குச் சாத்திய சந்தனம்

என் வீட்டுக்காரர் அப்துல் சுபானுக்கு அரூரில் மைக்செட் கடை. கல்யாணத்துக்குக் குழாய் கட்டினோமா, வந்தோமா என்று இருக்க மாட்டார். பழைய பாட்டுப்பெட்டி கண்ணில் பட்டால் போதும், செய்தவன் யார், எந்த ஊர் என்று அதற்குப் பூர்வீகம் விசாரிக்க உட்கார்ந்துவிடுவார். "ஏங்க, பொட்டிக்குச் சம்பந்தமா பேசப் போறீங்க?" என்று எரிந்து விழுவேன். சிரிப்பார், மனுஷன்.

அறுபத்தெட்டாம் வருஷம் கடத்தூர்ப் பக்கமிருந்து தீர்த்தம்மாள் வந்தார். ஐம்பது தாண்டிய, ஒண்டிக்கட்டையான பெண். கையில் புனல் வைத்த பெட்டி. இசைத்தட்டுக்கு முந்தைய காலத்தது. மெழுகு உருளையில் நாம் பேசுவதையே பிடித்து வைக்கும். அவருடைய அப்பா ஒரு துரையிடம் சமையல்காரர். தீர்த்தம்மாளைப் பெற்ற சில வாரத்தில் கண்ணை மூடிய அம்மா, சாகுமுன் துரை கேட்டுக்கொண்டதால் அந்தப் பெட்டியில் மகளுக்குத் தாலாட்டுப் பாடியிருக்கிறார்.

"ஆத்தா கொரல ஒருக்கா கேட்டுட்டா நிம்மதியாப் போய்ச் சேருவேனுங்க பாய்."

"உருளை எங்க தாயி?"

"சாமி மாடத்துலீங்க. ஆத்தா வூட்ட வுட்டு வரமாட்டாங்க."

பெட்டியில் பெயர் தேய்ந்திருந்தது. செய்தவன் தெரியாமல் எந்த ஊசி பொருந்தும் என்று சொல்ல முடியாது. சேலம், பெங்களூர் என்று பழைய சாமான் கடையெல்லாம் என் வீட்டுக்காரர் அலைந்தார். கடைசியில் அதே மாதிரி உடைந்த பெட்டி ஒன்று, பெயர் அழியாமல் கிடைத்தது. எப்போதோ மூடிப்போன சீமைக் கம்பெனி. அதன் ஊசியைக் கழற்றிக்கொண்டு மாப்பிள்ளை போல வந்தார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவருமாகக் கடத்தூர் போனோம். தீர்த்தம்மாள் உருளையை எடுத்து வந்தார். சந்தனமும் குங்குமமும் அடை அடையாக அப்பியிருந்தன.

"வெள்ளிக்கெழம தவறாம சாத்துவேனுங்க. ஆத்தாதானுங்களே."

துடைத்தால் மெழுகும் சேர்ந்து போய்விடும். என் வீட்டுக்காரர் பெட்டிக்குச் சாவி கொடுத்து ஊசியை வைத்தார். கரகரவென்ற இரைச்சல்தான். ஊசி சீவிய தூளைத் தீர்த்தம்மாள் முந்தானையில் ஏந்தி நெற்றியில் பூசிக்கொண்டார்.

"ஆத்தா பாடுனாங்க! கேட்டுச்சுங்களா பாய்?"

"கேட்டுச்சு தாயி."

பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொல்ல நாக்கு கூசலையா?"

அவர் சொன்னார்: "ஆத்தா கொரல் இல்லதான் வஹிதா. ஆனா பின்னால ஒரு பச்சக்கொழந்த அழுதுச்சு. அது தீர்த்தம்மாளேதான். பெத்தவங்க கொரலு போயி, தான் அழுதது மட்டும் மிஞ்சியிருக்குன்னு எப்படிச் சொல்லுவேன்?"

அந்த அழுகையை நானும் கேட்டிருந்தேன். யாராவது தொட்டிலை ஆட்டக்கூடாதா என்று உள்ளறையை எட்டிக்கூடப் பார்த்தேன். அந்த வீட்டில் தொட்டிலே இல்லை.