கம் வயலில் தண்ணீர்

அந்தக் கோடையில் நூபிட்டுக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கணவனின் அண்ணன் குடும்பத்தோடு ஒரே முற்றத்தில் இத்தனை காலம் இருந்தவள், கம் வயல் மேட்டில் தனி வீடு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கூரை வந்துவிட்டது, அடுப்பு வந்துவிட்டது. தண்ணீர்தான் வரவில்லை.

அவள் தொழில் அரிசிச் சேவை பிழிந்து விற்பது. காவ்புன் என்போம். அரிசியை ஊறவைத்து, புளிக்கவிட்டு, அரைத்து, கொதிக்கும் அண்டாவில் பிழிந்து, திரும்பத் திரும்பக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, வாழையிலையில் சுருட்டி அடுக்க வேண்டும். பாதித் தொழில் அரிசியில், பாதி தண்ணீரில். சந்தையில் இடத்தைக் காலியாக விட்டால் இன்னொருத்தி கூடையை வைத்துவிடுவாள். அதனால் கைவண்டியில் டப்பாக்களை ஏற்றிக்கொண்டு, விட்டுவந்த அதே முற்றத்துக் கிணற்றுக்கே தினமும் போய்க்கொண்டிருந்தாள். அவள் மொண்டு முடித்ததும் ஓரகத்தி வாளியைக் கழுவிக் கழுவிக் கவிழ்ப்பாள், அவ்வளவுதான்.

"மழைக்குள்ள தண்ணிக்கு வழி பண்ணலன்னா அடுப்பத் தூக்கிக்கிட்டு மறுபடி அங்கதான் போகணும். நான் போகமாட்டேன், சொல்லிட்டேன்" என்பாள் தொங்லாவிடம்.

தொங்லா அவள் கணவன். அவசரமே இல்லாத மனிதன். "தங்க வயல்ல குடியிருக்க, தண்ணி கேக்கறயே" என்று சிரிப்பான். கம் என்றால் எங்கள் பேச்சில் தங்கம். அந்த வயல், பேரோடு, அவன் மாமாவுக்கு மலையடிக்காரர்களிடமிருந்து மாற்றுக்கு வந்தது. நெல்லைத் தவிர அதில் எதுவும் மின்னியதில்லை என்பது ஊருக்கே பழகிய கேலி.

வழிகள் இல்லாமல் இல்லை. கூரைத் தண்ணீர் பிடிக்க இறவாரத்தடியில் சிமெண்டு ஜாடிகள் நின்றன. அது குடிக்க, சோறு வேகவைக்க. சேவை அலசினால் தைமாசத்துக்குள் ஜாடிகள் காலி. ஊர்க் குழாய் புத்தர் கோயிலோடு நின்றுவிட்டது. குளத்துத் தண்ணீர் எருமைகளுக்குப் பொருந்தும், சேவையை மஞ்சளாக்கிவிடும். நூபிட் சோறு பிசைந்துகொண்டே எழுந்து போய்க் குளத்தைப் பார்ப்பாள், திரும்பி வந்து ஜாடியைத் தட்டிப் பார்ப்பாள். "இப்பத்தானே தட்டின" என்பான் தொங்லா.

கடைசியில் ஆழ்துளை போடுவதென்று முடிவானது. தொங்லா அவித்த முட்டையும் பூவும் சாராயமும் வைத்து நிலத்துக் காவல் தெய்வத்திடம் கேட்டான். வண்டி வந்து துளைத்தது. சீக்கிரமே தண்ணீர் வந்தது. நூபிட் உள்ளங்கையில் ஏந்திக் குடித்தாள். தித்திப்பு.

"போதுமாண்ணே?" என்றான் வண்டிக்காரன்.

"இவ்வளவு மேலயே இப்படின்னா, கீழ எப்படி இருக்கும்! இன்னும் இறக்கு" என்றான் தொங்லா.

"போதும்யா" என்றாள் நூபிட்.

"நீ சும்மா இரு. தினமும் அண்டா அண்டாவா எடுப்ப, அப்புறம் வத்திப்போச்சுன்னு என்னத்தான் திட்டுவ."

இறக்கினார்கள். எங்கள் பக்கத்தில் மண்ணுக்கடியில் உப்புப் பாறை கிடப்பது எல்லோருக்கும் தெரியும். கோடையில் வயல்கள் வெள்ளையாய்ப் பூப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் தண்ணீர் கண்ணில் பட்டதும் இன்னும் கொஞ்சம் என்று இறக்காதவன் ஊரில் யார்? மாலையில் குழாயிலிருந்து வந்ததை நூபிட் வாயில் வைத்துவிட்டுத் துப்பினாள். உப்பு மேலேறி, முதலில் வந்த நல்ல தண்ணீரையும் கெடுத்துவிட்டிருந்தது.

தொங்லா குழாயையே பார்த்துக்கொண்டு நின்றான். "இந்த உப்புல பாடேக் மீன் ஊறவைக்கலாம்" என்றான் மெல்ல.

"உன்னத்தான் ஊறவைக்கணும்."

அதற்குப் பிறகு அவள் இருப்பு இன்னும் மோசமானது. ஒரு காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள். உங்க கிணறு எவ்வளவு ஆழம், கோடையில எப்படி, கொஞ்சம் குடு. எங்கள் வீட்டுக்கும் வந்தாள். வாயில் வைத்துவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல் அடுத்த வாசலுக்குப் போய்விட்டாள். வண்டி தள்ளித் தள்ளித் தோள் இறங்கிப்போயிருந்தது.

பக்கத்து வயல்காரி பைவன் மலையடியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், வாய்க்காரி. வரப்பில் உட்கார்ந்து பப்பாளிக்காயை மிளகாயோடு சேர்த்து உரலில் இடித்துக்கொண்டிருந்தவள் நூபிட்டின் பாட்டிலைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னடி, வைத்தியருக்குக் கொடுக்கப் போறியா?"

"சிரி, சிரி. உன் வீட்டுக் குளத்துல எருமை கலக்கறது எனக்குத் தெரியும்."

"எங்க ஊர்ல இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. கம்முல போய் மொண்டுக்கிட்டு வருவோம்."

"தங்கத்துலயா மொள்ளுவீங்க?"

பைவன் உலக்கையை நிறுத்தினாள். "தங்கம் இல்லடி. கம். மலையடியில நிலத்துலேர்ந்து தானா கசியுமே, கால் வச்சா சொதசொதன்னு. எங்க ஆளுங்க அதுக்கும் கம்முனுதான் சொல்வாங்க."

நூபிட் பாட்டிலை வரப்பில் போட்டுவிட்டு நடந்தாள். "ஏய், பப்பாளி தின்னுட்டுப் போடி!" என்று பைவன் கத்தியது அவள் காதில் விழவில்லை.

தன் கம் வயலின் வடக்கு மூலை. நடவின்போது தொங்லாவின் கால் அங்கேதான் புதையும், வருஷம் தவறாமல் திட்டுவான். சுற்றிலும் நிலம் பாளமாய் வெடித்துக் கிடக்க, அந்த மூலையில் மட்டும் கோரை பச்சையாய் நின்றது. மண்டியிட்டுக் கையால் தோண்டினாள். முழங்கை போகுமுன் குழியில் கலங்கல் ஊறியது. தெளியும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் மண்ணோடு குடித்தாள். உப்பில்லை.

"அந்த மூலையா? நெல்லு அங்கதான் நல்லா விளையும்" என்றான் தொங்லா.

"தெரியும்."

"உறைகிணறு இறக்கினா அந்தப் பாத்தி போச்சு. சுத்தி எருமை வராம வேலியும் கட்டணும்."

"நெல்லு வேற பாத்தியில நடு. இல்லன்னா நீ போய் உங்க அண்ணி வாளிய எனக்காக வாங்கிக்கிட்டு வா, தினமும்."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு மண்வெட்டியைத் தேடப் போனான்.

தோண்டும்போது ஒவ்வொரு அடிக்கும் அவள் குனிந்து ருசி பார்த்தாள். இடுப்பளவு தாண்டி நெஞ்சுக்கு வந்ததும், "நிறுத்து" என்றாள். தொங்லா வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு, மேலே ஏறி வந்தான். சிமெண்டு உறைகளை இறக்கினார்கள்.

முதல் பிழிவுக்கு நானும் பைவனும் போயிருந்தோம். மாவு அச்சிலிருந்து வழிந்து, அண்டாவில் சுருண்டு, அறுபடாமல் மேலே மிதந்து வந்தது. அலசினாள். எங்கள் கையில் ஆளுக்கொரு சுருள் வைத்துவிட்டு, தின்பதற்குள் "எப்படி, எப்படி?" என்றாள்.

"இருடி, முழுங்கவாவது விடு" என்றாள் பைவன். அப்புறம், "நல்லாத்தான் இருக்கு."

நூபிட் ஏற்கனவே அங்கே இல்லை. உறைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலசி முடித்ததில் தண்ணீர் அடிக்கு இறங்கியிருந்தது. ஊற்று தன் வேகத்தில்தான் கசியும், அதை அவசரப்படுத்த முடியாது.

"இந்தக் கோடைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சந்தை" என்றாள், தனக்கே சொல்வதுபோல. "விடற நாள்ல பைவன் கூடைய வைக்கட்டும், இடம் போகாது."

"பாத்துக்கிட்டே இருந்தா கூச்சப்பட்டு ஊறாது, வாம்மா" என்றான் தொங்லா.

அவள் வரவில்லை. அன்று சாயங்காலம் நான் வீடு திரும்பும்போதும் கோரைக்கு நடுவில், உறையில் கைகளை ஊன்றி நின்றிருந்தாள். கைவண்டி வேலியோரம் கவிழ்ந்து கிடந்தது.