இலண்டன் சேட்டும் மூன்று ஏக்கரும்

சின்னராசாவிடம் ஒரு சேட்டு இருந்தது. யாரிடம்தான் சேட்டு இல்லை என்று கேட்பீர்கள். இது இலண்டனில் அளவெடுத்துத் தைத்தது. அளவு அவருடையதல்ல என்பது ஒன்றுதான் குறை. போட்டுப் பார்த்தபோது அந்தக் குறையும் இல்லாமல் போய்விட்டது.

மல்லாவிப் பக்கத்தில் பழைய குளமொன்றைத் திருத்த வந்த வெள்ளைக்கார எஞ்சினியரின் பங்களாவில் ஏழு வருஷம் சமைத்தவர் அவர். துவைப்பதும் இஸ்திரி போடுவதும் அவர் தலையில்தான். எஞ்சினியர் இலண்டனிலுள்ள தையல்காரனுக்கு ஒரு கடிதம் போடுவார், மூன்று மாதத்தில் பார்சலில் சேட்டுகள் வந்து இறங்கும். துரையின் அளவு அங்கே ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறதாம். நுளம்பு கடிக்கும் இந்தக் காட்டுக்குள் இருக்கிற ஒரு மனிதனின் கழுத்து எத்தனை அங்குலம் என்று கடல் கடந்த ஊரில் ஒருவன் எழுதி வைத்திருப்பதைச் சின்னராசாவால் நம்பவே முடியவில்லை. அவருடைய பிறந்த நாளைக்கூட ஒருவரும் எழுதி வைத்திருக்கவில்லை.

ஐம்பத்தேழாம் ஆண்டு துரை ஊருக்குப் போகும்போது ஒரு சேட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளைத் துணி, மெல்லிய நீலக்கோடு, சிப்பிப் பொத்தான். துரையும் அவரும் ஒரே உயரம், ஒரே ஒல்லி. தோள் தோளில் இருந்தது, கை மணிக்கட்டில் நின்றது, கழுத்து இறுக்கவுமில்லை, தொங்கவுமில்லை. முப்பத்தைந்து வயதுவரை அவர் போட்டதெல்லாம் யாரோ கழித்துவிட்ட தொளதொளப்பு. இதுவும் கழித்துவிட்டதுதான், ஆனாலும் தன் உடம்பை நினைத்து ஒருவன் தைத்ததுபோல இருந்தது. அன்று அவர் கண்ணாடியை விட்டு நகர்வதற்குள் மனைவி பத்மாசனி சோறு வடித்து, கறியும் இறக்கிவிட்டாள்.

கைமடிப்பில் ஓட்டைகள் மட்டும் இருந்தன. அவற்றைப் பூட்டும் பொன் பூட்டுகளைத் துரை மறக்காமல் கொண்டு போய்விட்டார். சந்தியில் தையல் மெசின் வைத்திருந்த றவூப், சாதாரணப் பொத்தான்களை இரண்டிரண்டாக நூலால் பிணைத்துக் கொடுத்தார். கொடுக்கும் முன் சேட்டை உட்புறமாகத் திருப்பி நெடுநேரம் பார்த்தார்.

"அண்ணே, ஒரு நூல் முனை வெளியில தெரியுதோ பாருங்கோ. ஆரும் பாக்காத இடத்திலயும் ஒழுங்காத் தைச்சிருக்கிறான். இதில ஊசி குத்த எனக்கு மனம் வரேல்லை."

சின்னராசா அதைத் தன்னைப் பாராட்டியதாகவே எடுத்துக்கொண்டார்.

பாராட்டு சோறு போடாது. துரை போனதோடு வேலையும் போனது. வேறொருவரின் வளவு மூலையில் கொட்டில் போட்டு, இரண்டு பெண் பிள்ளைகளோடு இருந்தார்கள். வளவுக்காரர் தன் மகளுக்குக் கலியாணம் பேசுவதாகவும், அதற்குள் ஓர் இடம் பார்க்கும்படியும் சொல்லிவிட்டார். இருந்த வழி ஒன்றே ஒன்றுதான். திருத்திய குளத்தின் கீழ், சொந்தக் காணியில்லாமல் உழுது பிழைக்கும் கமக்காரருக்கு அரசாங்கம் மூன்று ஏக்கர் வயலும் குடியிருக்க மேட்டுநிலமும் கொடுத்தது. ஆட்களைக் கூப்பிட்டு விசாரிக்கும் காணிக் கச்சேரிக்கு அவருக்கும் கடிதம் வந்தது.

"வெறும் மேலோட சால்வையைப் போட்டுக்கொண்டு போங்கோவன்" என்றாள் பத்மாசனி.

"உனக்கென்ன தெரியும்? ஏழு வருஷம் துரைமாரோட இருந்தனான். உடுப்பைப் பாத்துத்தான் இருக்கக் கதிரையே குடுப்பினம்."

பாவம், பங்களாவில் படித்த பாடம் அது. விடிய எழும்பி இஸ்திரி போட்டு, நூல் பூட்டுகளை மாட்டி, நாலு மைல் புழுதியில் சேட்டில் தூசி படாமல் நடந்து போனார். மருதமரத்தின் கீழ் இருநூறு பேர் வெற்று மேலோடு குந்தியிருந்தார்கள். அவர் மட்டும் நின்றார். குந்தினால் மடிப்புக் கலைந்துவிடும் என்ற கவலை.

பெயர் கூப்பிட்டதும் போனார். மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரி கடதாசியைப் பார்க்கவில்லை, கொலரைத்தான் பார்த்தார்.

"காணி பூமி ஒண்டும் இல்லையோ?"

"இல்லை, ஐயா."

"இந்தச் சேட்டு எங்க தைச்சது?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதைவிட, இந்தக் கேள்வியை ஒருவர் கேட்கமாட்டாரா என்று ஒரு வருஷமாகக் காத்திருந்தவர்.

"இலண்டனில, ஐயா."

மரத்தடி முழுவதும் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். "நான் யாழ்ப்பாணத்திலதான் தைக்கிறன். இலண்டனில தைக்கிறவருக்கு அரசாங்கம் காணி குடுக்கோணுமோ? கையைக் காட்டும்."

காட்டினார். சோப்பிலும் இஸ்திரிப் பெட்டியிலும் பழகிய மெத்தென்ற கை.

"கமக்காரன்ர கையில்லை இது. அடுத்த ஆள்!"

வீட்டுக்கு வந்தபோது, 'நான் அப்பவே சொன்னனான்' என்று பத்மாசனி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்தாவது அவருடைய மனம் ஆறியிருக்கும். அவள் சேட்டைத் துவைக்காமலே காற்றாடவிட்டு, மடித்து, றங்குப் பெட்டிக்குள் வைத்தாள்.

அடுத்த நாளே அவர் காடு வெட்டப் போனார். பிறகு வாய்க்கால் வெட்ட, பிறகு மற்றவர்களுடைய வயலில் வரம்பு கட்ட. முதல் மாதம் உள்ளங்கை கொப்பளித்தது, உடைந்தது, மறுபடி கொப்பளித்தது. காலையில் எழும்பும்போது கையும் காலும் வேறொருவருடையவை மாதிரி இருக்கும். அவற்றை இழுத்துக்கொண்டு போவார், மாலையில் இழுத்துக்கொண்டு வருவார். பேச்சுக் குறைந்தது. சாப்பிடும்போதே கண் சொருகும். மாரி வந்தது, காய்ச்சல் வந்தது, காய்ச்சலோடும் போனார். அலுப்பு என்ற சொல்லை எல்லாரும் சும்மா சொல்கிறார்கள். அவருக்கு அலுத்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லை.

ஒருநாள் மட்டும் பெட்டியைத் திறந்து சேட்டைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கைக் காய்ப்பில் துணி கொளுவி ஒரு நூல் இழுபட்டது. உடனே மூடிவிட்டார். அதன்பிறகு அதைத் தொடவில்லை.

அடுத்த காணிக் கச்சேரிக்கு வெறும் மேலோடு, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். அதே மரம், அதே மேசை, அதே அதிகாரி.

"எத்தினை பிள்ளையள்?"

"ரெண்டு பெட்டையள், ஐயா."

அதிகாரி கையைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். "எழுதும், மூண்டு ஏக்கர்" என்று எழுதுவினைஞரிடம் சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு வருஷம் பட்ட பாட்டுக்குக் கிடைத்தது அந்த அரை நிமிஷம். சந்தோஷப்படாமல் சின்னராசா வழியெல்லாம் வேறொன்றை யோசித்தார். 'நீர்தானே அந்த இலண்டன் சேட்டுக்காரர்' என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆளை அடையாளமே தெரியவில்லை அவருக்கு.

பத்மாசனி அழுதாள், பிள்ளைகளைக் கட்டிக்கொண்டாள், பிறகு தானாகவே போய் றங்குப் பெட்டியைத் திறந்தாள்.

"இஞ்சரப்பா, இண்டைக்கு இதைப் போட்டுக்கொண்டு சந்திக்குப் போயிட்டு வாங்கோ. றவூப் பாக்கட்டும். நாலு சனம் பாக்கட்டும்."

கையை நுழைத்தார். முழங்கைக்குக் கீழே இறுகியது. தோளில் ஏற மறுத்தது. பத்மாசனி பின்னாலிருந்து இழுத்துவிட்டாள். நெஞ்சுப் பொத்தான்கள் மூச்சை அடக்கினால்தான் பூட்டின. கழுத்துப் பொத்தானுக்கும் ஓட்டைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி.

"சுருங்கிப் போச்சு" என்றார்.

"தண்ணியே காட்டேல்லை, எப்பிடிச் சுருங்கும்?"

அவர் இன்னொரு முறை கொலரைப் பிடித்து இழுத்தார். முதுகுப் பக்கத்தில் தையல் ஒன்று மெல்ல விட்டது.

"கழட்டுங்கோ, கிழிஞ்சிடும்."

கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, வெறும் மேலோடு நிலத்தில் இருந்தார். பெரிய தோள், தடித்த கழுத்து, கறுத்த கை. மூன்று ஏக்கரை வாங்கித் தந்த உடம்பு. அதை முதல்முறை காண்பதுபோல் குனிந்து பார்த்தார்.

"அந்த ஐயாவில பிழையில்லை, பத்மா" என்றார். "சேட்டுக்கே என்னைத் தெரியேல்லை."