கொம்பேறி மூக்கனுக்குக் காட்டிய புகை

எங்கள் அக்கா ஐம்பதைத் தொடும் முன்பே கர்த்தருடைய சமுகத்துக்குப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் எல்லோரும் அக்காவிடம் ஒருமுறையாவது உரிமையாய்த் திட்டு வாங்கியிருப்பீர்கள். ஆகவே அவரைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் யாரும் நம்பப்போவதில்லை. தங்கை என்ற உரிமையில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா படப்பையில் பிறந்தவர். அப்பாவுக்குத் தாம்பரத்தில் குமாஸ்தா வேலை கிடைத்ததும் குடும்பம் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. அங்கே அப்போது வீடுகளைவிட வயலும் புதரும்தான் அதிகம். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா காலமாகிவிட்டார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அக்கா அன்று கரண்டியைக் கையில் எடுத்தவர். சோறும் ஆக்கினார், என்னையும் வளர்த்தார், ஆசிரியர் பயிற்சியும் முடித்துத் தாம்பரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் வேலைக்கும் சேர்ந்தார். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ஆனால் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

அறுபதுகளின் நடுவில் அக்காவுக்கு ஊரப்பாக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது. அத்தானின் தாயாரை நாங்கள் எல்லோரும் அத்தை என்றே கூப்பிடுவோம். இளம் வயதில் கணவரை இழந்தவர், அத்தான் அவருக்கு ஒரே பிள்ளை. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருவார். வரும் வழியில் பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்படுவார். பல்லி சொல், காக்கை கரைதல், ஆந்தை அலறல் எல்லாவற்றுக்கும் அவரிடம் பலன் உண்டு. இது தெரிந்தும் அக்கா சம்மதித்தார். அத்தானை மிகவும் பிடித்திருக்கிறது என்று என்னிடம் வாய்விட்டே சொன்னார்.

ஆலயத்தில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. அந்த வாரம் கொல்லையில் முருங்கைக்கீரை பறிக்கும்போது, கிளையோடு கிளையாகக் கிடந்த ஒரு மெல்லிய பாம்பு அக்காவின் விரலைக் கடித்துவிட்டு மேலே ஏறிப் போய்விட்டது. அப்பா சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். விஷமில்லாத பாம்பு, கொம்பேறி மூக்கன்தான் என்று சொல்லி டாக்டர் மருந்து தடவி அனுப்பினார். மறுநாள் அக்கா வழக்கம்போல் பள்ளிக்கூடம் போய்விட்டார்.

கடற்கரைக் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் கன்னியம்மாள்தான் முதலில் பயம் கிளப்பியவர்.

"இன்னா கண்ணு, வெரல்ல துணி சுத்திகினு கீறே? கொம்பேறி மூக்கனா? அய்ய, அது லேசுல வுடாதே. கடிச்சிட்டு மரத்து மேல ஏறி குந்திகினு, சுடுகாட்டுல பொகை வருதான்னு பாத்துகினே கெடக்கும். பொகையைப் பாத்தாதான் எறங்கும். நீங்க பொதைக்கிற ஜனமாச்சே, அது எப்போ பொகையைப் பாக்கறது, எப்போ எறங்கறது?"

சொல்லிவிட்டு அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பேச்சு மட்டும் எப்படியோ ஊரப்பாக்கம் வரை போய்ச் சேர்ந்தது. இரண்டொரு நாளில் அத்தை பஸ் பிடித்து வந்துவிட்டார்.

"அண்ணா, எனக்கு இருக்கறது ஒரே பிள்ளை. அந்தப் பாம்பு உங்க பொண்ணு பின்னாலேயே எங்க வீட்டுக்கு வந்துட்டா நான் என்ன செய்வேன்? வைக்கோல்ல ஒரு பொம்மை செஞ்சு கொளுத்திப் புகை காட்டிடுங்க. இல்லேன்னா கல்யாணத்தைத் தள்ளி வைப்போம்."

சபையில் மூப்பராக இருந்த அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "கல்யாணம் நின்னா நிக்கட்டும். என் வீட்ல பொம்மை கொளுத்தற காரியம் நடக்காது" என்றார்.

அத்தையும் இறங்கி வரவில்லை. தள்ளி வைப்பது என்பது நிறுத்துவதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அக்கா காப்பி கலந்து இருவருக்கும் கொடுத்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்.

"தோட்டத்துச் சருகைக் கூட்டிக் கொளுத்தினா பாவமாப்பா?"

"அதுல என்ன பாவம்?"

"அப்ப சனிக்கிழமை கொளுத்தறேன். அத்தை வந்து பாத்துக்கட்டும். பாம்பும் பாத்துக்கட்டும்."

எனக்கு அதுவரை இரண்டு பெரியவர்கள்தான் தெரிந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு வழி இருந்தது அக்காவுக்குத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை அத்தை வந்து முருங்கை மரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அப்பா அறையை விட்டு வெளியே வரவில்லை. அக்கா சருகைக் குவித்துத் தீ வைத்தார். ஈரச் சருகு, புகை நன்றாகவே எழும்பியது. அந்த நேரம் பார்த்து வந்த கன்னியம்மாள், யாரும் கேட்காமலே மீன்கூடையை இறக்கிவைத்து, கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"பொகை மட்டும் இருந்தா அது நம்பாதும்மா. அழுவுற சத்தமும் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு மாரில் அடித்துக்கொண்டு எடுத்தார் ஒப்பாரி.

"மாலை கட்டி வச்சிருந்தேன் மவராசி உனக்குன்னு,
மாமியா கண்ணெதிரே மண்ணுக்குப் போனியேம்மா!"

துடைப்பத்தோடு நின்ற அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். நானும் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. அடுத்த வரி வருவதற்குள் எழுந்து நின்றுவிட்டார்.

"நிறுத்து. நிறுத்துன்னு சொல்றேன். உயிரோட நிக்கற பொண்ணுக்கு இப்படியா அழுவாங்க?"

"பாதியில நிறுத்தினா பாம்பு இன்னா நெனைக்கும்?" என்றார் கன்னியம்மாள்.

"அது என்ன வேணா நினைச்சுக்கட்டும்." அத்தை அக்காவின் கையைப் பிடித்து, கடிபட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். "பாம்பு வந்தா வரட்டும். என்னைத் தாண்டித்தான் உன்கிட்ட வரணும்."

குறித்த தேதியில் கல்யாணம் நடந்தது. அன்று போன அக்கா, அத்தையைத் தம் வழிக்கு இழுக்கவுமில்லை, அவர் வழிக்குப் போகவுமில்லை. பல்லி சத்தமிட்டால் அத்தை நிற்பார், அக்கா நடப்பார். அத்தானுக்கு வேலை போய் வீட்டில் அரிசிக்கே தட்டுப்பாடு வந்த நாட்களில், அக்கா பள்ளிக்கூடமும் டியூஷனுமாக ஓடினார். பிள்ளைகள் இருவரையும் அத்தை வளர்த்தார். அந்த வீட்டில் மாமியார் மருமகள் சண்டை இருந்தது. மனத்தாங்கல் இருந்ததில்லை.

அக்கா கடைசியாகப் படுத்திருந்த மாதங்களில் உதவிய மருத்துவர்கள், செவிலியர்கள், உடன் வேலை செய்த ஆசிரியைகள், வாரம் தவறாமல் வந்து ஜெபித்த சபையார் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அக்காவுக்குச் சோறு இறங்காத நாட்களில் சென்னாக்குனி என்னும் பொடி இறால் கொண்டுவந்து தாமே குழம்பு வைத்து ஊட்டிய கன்னியம்மாளையும் மறவோம்.

அத்தைக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆகவே ஒன்றை மட்டும் எழுதி முடிக்கிறேன். அந்த மாதங்களில் பக்கத்துப் பனைமரத்தில் ஒரு ஆந்தை சாயங்காலமானால் வந்து அலறும். அத்தை என்ன சொல்வாரோ என்று நாங்கள் எல்லோரும் பயந்தோம். அவர் ஒருநாளும் அண்ணாந்து பார்க்கவில்லை. "அது வயித்துப்பாட்டுக்குக் கத்துது, நீ கஞ்சியைக் குடி" என்பார் அக்காவிடம்.

துக்கத்துக்கு வந்த உறவினர் ஒருவர், ஆந்தை கத்தியபோதே தெரிந்துவிட்டது என்று அத்தையிடம் சொன்னார். அத்தை தலையை நிமிர்த்தி, எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.

"இவ போறதைச் சொல்ல ஒரு ஆந்தை வந்துச்சுன்னே வச்சுக்க. இப்படி ஒருத்தி என் வீட்டுக்கு வரப்போறான்னு அன்னிக்கு எந்தப் பட்சி வந்து எங்கிட்ட சொல்லிச்சு? இனிமே அதுங்க பேச்சை நான் கேக்கறதா இல்லை."